தட்டில் வென்ற பணிஸ் பெட்டியில் தோற்றது: வெள்ளவத்தைப் பர்கர் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சின்னப் பர்கர் கடை இது. மாலை ஐந்து மணிக்குத் திறப்பார்கள், இரவு பதினொன்றுக்கு மூடுவார்கள். உள்ளே நான்கு மேசைகள்தான். வியாபாரத்தின் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போகும் ஓடர்கள். கொட்டாஞ்சேனைக்கும் தெஹிவளைக்கும் இடைப்பட்ட வீடுகளுக்கு 20 முதல் 30 நிமிடத்தில் போய்ச் சேரும். மழை நாளில் அதற்கும் மேல்.

மாட்டிறைச்சி வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கையில் வழக்கமாக வருபவர்களில் பலர் அதைச் சாப்பிடுவதில்லை. ஆகவே அரைத்த கோழித் தொடை இறைச்சியில் 110 கிராம் வட்டு ஒன்று, மாவில் தோய்த்துப் பொரித்த கோழி ஒன்று, வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் மச்சம் சாப்பிடாதவர்களுக்காகப் பிஞ்சுப் பலாக்காயில் செய்த வட்டு ஒன்று. இந்த மூன்றும்தான் கடையின் சாப்பாடு. இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் போயா (பௌர்ணமி) நாளில் பலாக்காய்க்கு அதிகம் கேள்வி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எந்தப் பணிஸ் நல்லது என்ற கேள்விக்கு விடை உள்ளே வைப்பதைப் பொறுத்தது. கொழுப்புள்ள மாட்டிறைச்சியின் சாறு கொழுப்போடு வரும், ஆறும்போது கொஞ்சம் இறுகும். அரைத்த கோழியை உள்வெப்பம் 74 பாகை செல்சியஸ் வரும்வரை வேகவைத்தே ஆகவேண்டும். அதிலிருந்து வடிவது தண்ணீர்ப் பதமான சாறு. வறண்டுவிடக்கூடாதென்று சோஸையும் தாராளமாக விடுவார்கள். ஆக, இந்தக் கடையின் பணிஸ் ஈரத்தைத் தாங்கவேண்டிய பணிஸ்.

இந்தக் கடையின் சமையலறை வேலைகளுக்கு நான் ஆலோசனை சொல்லி வருகிறேன். பணிஸில் பிரச்சினை என்று கூப்பிட்டபோதுதான் இந்த நிகழ்வுக்குள் வந்தேன்.

முதல் தெரிவும் அதன் காரணமும்

கடை திறக்குமுன் வீட்டு மேசையில் ஒரு சுவை பார்த்தல் நடந்திருக்கிறது. சுப்பர் மார்க்கெட் பைக்கற் பணிஸ், பக்கத்துப் பேக்கரியின் டீ பணிஸ், கொழும்பு 7 இல் ஒரு பேக்கரி செய்யும் பிரியோஷ் என்ற பிரெஞ்சு வகைப் பணிஸ், மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். அம்மா, பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் பிரியோஷையே சொன்னார்கள். அதில் தப்பில்லை. பொன்னிறமாக மினுங்கும் மேல்தோல், பட்டர் வாசனை, வாயில் வைத்ததும் கரையும் உள். படம் எடுத்தாலும் அழகு. மற்ற இரண்டையும்விட விலை கூடினாலும் "நல்லதைக் குடுத்தால் சனம் வரும்" என்று அக்கா துணிந்தார்.

கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பாராட்டினார்கள். குறை வந்ததெல்லாம் வீட்டுக்கு எடுப்பித்தவர்களிடமிருந்து. "களி மாதிரி இருந்தது", "கையில் எடுக்க ஏலாமல் போச்சு", "கரண்டியால சாப்பிட்டோம்". தம்பி முதலில் சோஸைக் குறைத்தார். இப்போது இறைச்சி வறட்சி என்று குறை வந்தது. சலாது இலையை எடுத்துவிட்டுப் பார்த்தார். அதனாலும் ஒன்றும் மாறவில்லை.

இன்னொரு குறை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பலாக்காய்ப் பர்கரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "தம்பி, இந்தப் பணிஸில முட்டை இருக்கோ?" தம்பிக்குத் தெரியவில்லை. பேக்கரிக்குப் போன் எடுத்துக் கேட்டார். இருக்கிறது, மாவுக்குள்ளும் இருக்கிறது, மேலே பூசியும் இருக்கிறது என்றார்கள். "அப்ப எனக்கு வேண்டாம் ராசா, சின்னவனுக்குக் குடுங்கோ" என்று அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிரியோஷ் என்றாலே முட்டையும் பட்டரும்தான். சைவ வட்டுக்குத் தனிக் கல், தனிக் கரண்டி என்று பார்த்துப் பார்த்துச் செய்த கடையில், அந்த வட்டைத் தாங்கிய பணிஸ் சைவமாக இருக்கவில்லை.

பெட்டிக்குள் பார்த்தது

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். வழக்கமாகச் செய்வதுபோலவே ஒரு கோழிப் பர்கரைச் செய்து, பெட்டியை மூடி, ஓடர் போகும் பையில் வைத்து, 25 நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு திறப்போம்.

திறந்தபோது மூடியின் உட்புறம் முழுக்கத் தண்ணீர் முத்துகள். சில துளிகள் மேல் பணிஸில் விழுந்து, மினுங்கிய தோல் சுருங்கி வெளிறியிருந்தது. மேல் பாதியைத் தூக்கியதும் அதன் தோலில் ஒரு பகுதி பெட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. அடிப் பாதிதான் பாவம். இரண்டு சென்ரிமீற்றர் இருந்தது அரை சென்ரிமீற்றராக அமுங்கி, சாம்பல் நிறமாக மாறி, பெருவிரலை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்ப் பெட்டியின் அடியைத் தொட்டது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, பட்டர். பிரியோஷில் மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பட்டர் சேரும். பட்டர், மாவிலுள்ள குளூட்டன் என்ற புரத இழைகள் நீளமாகப் பின்னிக்கொள்ள விடாது. வாயில் கரைவதற்குக் காரணமே அதுதான். ஆனால் பட்டர் 32 முதல் 35 பாகையில் உருகிவிடும். சுடச்சுட இறைச்சியோடு மூடிய பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டி நிற்கிறது. தாங்கும் வலு குறைந்த பணிஸ், உருகிய பட்டர், மேலே நூறு கிராம் பாரம். அமுங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, கல்லில் வாட்டும் முறை. பிரியோஷில் முட்டையும் சீனியும் இருப்பதால் வெட்டிய முகம் சில வினாடிகளிலேயே சிவந்துவிடும். இரவு எட்டு மணி நெரிசலில், சிவந்ததும் எடுத்துவிடுகிறார்கள். பார்க்க வாட்டியதுபோல இருக்கும். உண்மையில் மேற்பரப்பு காயவில்லை. வாட்டுவதன் முக்கிய பயன் நிறமல்ல, முகத்தில் உலர்ந்த ஒரு படலம் உண்டாக்கி சாறு உள்ளே போவதைத் தாமதப்படுத்துவது.

மூன்றாவது, ஆவி. கல்லிலிருந்து எடுத்த இறைச்சி அடுத்த நொடியே பணிஸுக்குள், பணிஸ் அடுத்த நொடியே மூடிய பெட்டிக்குள். கொழும்பின் கடலோரக் காற்றே ஈரமானது. அதோடு பெட்டிக்குள் ஆவியும் சேர்ந்தால் எந்தப் பணிஸும் வேகவைத்ததுபோல ஆகும்.

மிஞ்சிய பணிஸைப் பற்றியும் கேட்டேன். எறும்புக்குப் பயந்து பிரிட்ஜில் வைத்து மறுநாள் பாவிக்கிறார்கள். பாண் பழசாவது காய்ந்துபோவதால் மட்டுமல்ல. சுடும்போது தண்ணீரை உறிஞ்சி இளகிய மாப்பொருள், ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் இறுகுவதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகிறது. அந்த இறுக்கம் பிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். பிரீசரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். மறுநாள் பணிஸ் உதிர்ந்ததற்குக் காரணம் அது.

மாற்றாகப் பார்த்தவை

இதன்பிறகு ஒவ்வொரு பணிஸையும் ஒரே விதமாகப் பார்த்தோம்: அதே இறைச்சி, அதே சோஸ், பெட்டிக்குள் அதே 25 நிமிடம். தட்டில் வைத்துச் சுவை பார்ப்பதை ஒதுக்கிவைத்தோம்.

பைக்கற் பணிஸ் சீராக இருக்கும், பூஞ்சணத் தடுப்பியும் மென்மையூட்டியும் சேர்ப்பதால் பல நாள் மெதுவாகவும் இருக்கும். ஆனால் அதன் அடிப்பகுதி மெல்லியது, உள்ளே காற்றுத்தான் அதிகம். பெட்டியில் பிரியோஷைவிடக் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு பசையாகிப் பல்லில் ஒட்டியது.

மொறுமொறு மேல்தோலுள்ள வட்டப் பாண் அடியில் நனையவே இல்லை. தம்பிக்கு அது பிடித்துக்கொண்டது. ஆனால் கடிக்கும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. பாணை அறுக்கப் பல்லுக்குத் தேவைப்படும் பலத்தில் மெதுவான கோழி பின்பக்கத்தால் வழுக்கி வெளியே வருகிறது. இறைச்சியைவிடப் பாண் கடினமாக இருக்கக்கூடாது. பர்கர் பணிஸுக்கு இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியாது.

அச்சுப் பாண் துண்டையே வாட்டிப் போட்டால் என்ன என்றும் தம்பி கேட்டார். கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரிலுள்ள லூயிஸ் லஞ்ச் கடையில் இன்றும் வாட்டிய பாண் துண்டுகளுக்கிடையில்தான் ஹம்பர்கர் தருகிறார்கள். உருண்டைப் பணிஸ் பரவலானது 1921 இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கிய ஒயிட் காசில் போன்ற கடைகளின் காலத்தில். கையில் பிடித்துக்கொண்டு போகும் சாப்பாட்டுக்கு, விளிம்பு மூடிய உருண்டை வசதி. பாண் துண்டில் நான்கு பக்கமும் திறந்த முகம். நம்முடைய சோஸ் அளவுக்கு அது வழிந்தது.

டீ பணிஸ்தான் எதிர்பாராத விதமாக நன்றாக நின்றது. நசுக்கினால் மீண்டெழுந்தது, நனைந்தாலும் கிழியவில்லை. கொழுப்புக் குறைவு, நன்றாகப் பிசைந்த மா, உள்ளே பொடிப்பொடியான காற்றுக் கண்கள். இந்த மூன்றும்தான் காரணம். ஆனால் இனிப்பு. சில்லி சோஸோடு சேரும்போது பலகாரம்போல இருந்தது. கல்லில் போட்டதும் கருகியது.

பேக்கரியோடு பேசியதும் எடுத்த முடிவும்

ஆயத்தப் பணிஸைத் தேடுவதை நிறுத்தி, டீ பணிஸ் செய்யும் பேக்கரியிடமே போய்ப் பேசுவது என்று அக்கா முடிவெடுத்தார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் ஆகச் சரியானது இதுவென்று நினைக்கிறேன். கொழும்பின் சின்னப் பேக்கரிகளில் மெதுவான மா பிசையத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன. யாரும் அவர்களிடம் பர்கர் பணிஸ் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பேக்கரிக்காரர் விறகுப் போறணை வைத்திருப்பவர். முதலில் பாண், பாண் எடுத்தபின் இறங்கும் சூட்டில் பணிஸ் என்பது அவருடைய ஒழுங்கு.

"அண்ணை, டீ பணிஸில சீனியக் குறைச்சு, முட்டை இல்லாமல் செய்து தருவீங்களோ?"

"சீனி குறைஞ்சா நிறம் வராது தங்கச்சி. பேந்து வெளிறிப்போச்சு எண்டு என்னட்டக் கொண்டுவரக்கூடாது."

அவர் பயந்தது சரிதான். அதற்குப் பால்மா விடை தந்தது. பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அது மாவில் அப்படியே தங்கிப் போறணையில் நிறம் கொடுக்கும், இனிப்போ மிகக் குறைவு. முட்டைக்குப் பதிலாக மேலே பால் பூசினோம். பிரியோஷின் மினுக்கம் வராது, ஆனால் நல்ல மண்ணிறம் வரும்.

சீனியையும் குறைத்து முட்டையையும் எடுத்தால் மெதுமைக்கு என்ன செய்வது? இரண்டு வழிகளைச் சேர்த்தோம். ஒன்று, அவித்து மசித்த உருளைக்கிழங்கு. அமெரிக்காவில் ஷேக் ஷாக் கடைகள் பர்கருக்கு உருளைக்கிழங்குப் பணிஸ்தான் பாவிக்கின்றன. கிழங்கின் மாப்பொருள் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மற்றது, டாங்ஜோங் எனப்படும் மாக்கூழ்: ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து 65 பாகை வரை காய்ச்சினால் கூழாகும். அந்தக் கூழ் பிடித்த தண்ணீர் சுட்டபின்னும் பணிஸுக்குள் நிற்கும். கொழுப்பைக் கூட்டாமலே மெதுமை கிடைக்கிறது, ஆகவே தாங்கும் வலுவும் போவதில்லை.

கடைசியாக நின்ற அளவு இது. கோதுமை மா ஒரு கிலோ, அதில் 60 கிராம் மாவும் 300 கிராம் தண்ணீரும் கூழுக்கு. மிச்ச மாவுக்குத் தண்ணீர் 260 கிராம். மசித்த கிழங்கு 150, பட்டர் 80, சீனி 60, பால்மா 40, உப்பு 18, உலர் ஈஸ்ட் 8 கிராம். 85 கிராம் உருண்டைகளாக 22 பணிஸ் வரும். கொழும்புச் சூட்டில் பிசையும்போதே மா சூடேறி ஈஸ்ட் முந்திக்கொள்ளும். அதனால் அந்த 260 கிராமையும் ஐஸ் தண்ணீராக விட்டு, பிசைந்து முடிந்த மா 26, 27 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். தட்டில் வைத்தபின் உருண்டைகளை உள்ளங்கையால் கொஞ்சம் தட்டையாக்கினால் மேல் குவியாமல் 10 சென்ரிமீற்றர் அகலத்தில் வரும். 110 கிராம் கோழியை 12 சென்ரிமீற்றருக்குத் தட்டினால், வெந்து சுருங்கி இந்த அகலத்துக்கே வந்து நிற்கிறது.

கடைப் பக்கத்தில் மாறியவை

பணிஸை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும். வெட்டுவதைத் தம்பி தன் கையில் எடுத்துக்கொண்டார். ஓடர் வந்தபின்தான் வெட்டுவது, அதுவும் நடுவுக்குச் சற்று மேலே, அடிப் பாதி தடிப்பாக வரும்படி. வெட்டிய இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பட்டர் தடவி, மிதமான கல்லில் ஒரு நிமிடம் வரை. நிறத்தைப் பார்த்து எடுப்பதில்லை, விரலால் தட்டிப் பார்த்து உலர்ந்த சத்தம் கேட்டால் எடுப்பது. அடி முகத்தில் மயோனீஸ், அதன்மேல் சலாது இலை, அதற்கு மேலேதான் இறைச்சி. மயோனீஸின் எண்ணெயும் இலையும் சாற்றைத் தடுக்கும். இறைச்சியைக் கல்லிலிருந்து எடுத்து இரண்டு நிமிடம் கம்பித் தட்டில் விடுவது என்றும் வைத்துக்கொண்டார்கள். நெரிசல் நேரத்தில் இந்த இரண்டு நிமிடத்துக்கு அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. பெட்டியைத் திறந்து காட்டியபின் அவரே சமையலறைக்கு அதை விதியாக்கினார்.

பர்கரை ஈரம் உறிஞ்சும் கடதாசியில் சுற்றி, பக்கத்தில் துளையிட்ட பெட்டியில் வைக்கிறார்கள். மிஞ்சிய பணிஸ் அன்றிரவே பிரீசருக்குப் போகிறது.

பிறகு நடந்தது

25 நிமிடச் சோதனையில் புதுப் பணிஸின் அடி நனைந்திருந்தது, ஆனால் கையில் எடுத்துக் கடிக்க முடிந்தது, கடைசிக் கடி வரை இரண்டாகப் பிரியவில்லை. "கரண்டியால சாப்பிட்டோம்" என்ற குறை அதன்பின் வரவில்லை. பணிஸின் விலை பிரியோஷின் பாதிக்கும் கீழே இறங்கியது. பட்டர் வாசனை குறைந்துவிட்டது என்று மேசையில் சாப்பிடும் சிலர் சொன்னார்கள். அது உண்மை. அவர்களுக்காகக் கல்லில் தடவும் பட்டரைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமைப் பலாக்காய்ப் பர்கருக்கு இப்போது முட்டையில்லாத பணிஸ், முட்டை சேராத மயோனீஸ். கடைக்கு முன்னால் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தில் என் மனதுக்கு அதிகம் நிறைவு தந்தது இதுதான். விரதக்காரர் ஒருவர் கேட்காமலே நம்பிச் சாப்பிட ஒரு கடை இருக்கவேண்டும்.

சிக்கல்களும் வந்தன. உருளைக்கிழங்கின் ஈரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நுவரெலியாக் கிழங்கு ஒரு விதம், இறக்குமதிக் கிழங்கு இன்னொரு விதம். ஒருநாள் மா இளகிப் பணிஸ் தட்டையாகப் பரவியது. அதன்பின் கிழங்கைத் தோலோடு அவித்து, தோலுரித்து, வெறும் சட்டியில் ஆவி போகும்வரை கிளறி, அப்புறம்தான் நிறுக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை நாட்களில் சூடு ஆறுமுன் பையில் கட்டிய பணிஸில் பூஞ்சணம் பிடித்தது. இப்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தட்டில் ஆறவிட்டே கட்டுகிறார் பேக்கரிக்காரர். கிழங்கு சேர்ந்த பணிஸ் மற்றதைவிடச் சீக்கிரம் பழுதாகும் என்பதால் பிரீசருக்குப் போகாத எதையும் மறுநாள் விற்பதில்லை.

மீண்டும் தொடங்கினால் மாற்றவேண்டியவை

அக்காவும் தம்பியும் நானும் இருந்து பேசியபோது முதலில் வந்தது சுவை பார்க்கும் முறை. சாப்பிடுபவர் எப்போது, எங்கே சாப்பிடுகிறாரோ அப்படியே சோதிக்கவேண்டும். பெட்டியில் போகும் கடை பெட்டியில் சோதிக்கவேண்டும், மேசையில் கொடுக்கும் கடை மேசையில். உட்கார்ந்து சாப்பிடும் கடையாக இருந்திருந்தால் பிரியோஷை மாற்றும்படி நான் சொல்லியிருக்கமாட்டேன்.

இரண்டாவது, பணிஸில் என்ன சேர்கிறது என்ற பட்டியலை வாங்குமுன் எழுத்தில் கேட்பது. முட்டை, பால், மாஜரின் எல்லாம். சைவத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது தேவை. மூன்றாவது, ஒரே பேக்கரியை மட்டும் நம்பியிருக்காமல் இருப்பது. போறணைக்காரருக்குச் சுகமில்லாத ஒரு கிழமை பைக்கற் பணிஸோடு சமாளிக்கவேண்டி வந்தது. அளவுகளை எழுதி இரண்டாவது பேக்கரிக்கும் பழக்குவது என்று முடிவு, இன்னும் நடக்கவில்லை.

பொரித்த கோழிக்கு இந்தப் பணிஸ் முழுதாகப் பொருந்தவில்லை. பொரித்த மேல்தோல் மொறுமொறுப்பாக இருப்பதற்கு, பணிஸிலிருந்து ஈரம் அதற்குப் போகக்கூடாது. கிழங்குப் பணிஸோ ஈரம் கூடியது. கிழங்கில்லாமல், கூழைப் பாதியாக்கி, 75 கிராம் உருண்டையில் ஒன்றைப் பேக்கரிக்காரர் இப்போது சுட்டுப் பார்க்கிறார். அதையும் பெட்டிக்குள் வைத்தே பார்க்கிறார்கள்.